எண்ணும் ஆட்டமும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் உழவர், களவெட்டியிற் குவித்த நெல்லை மரக்காலாலும் அவணத்தாலும் அளந்தறிவர். பொலி எத்துணைப் பெரிதாகத் தோன்றினும், அளந்த பின்னரே அதன் அளவு துணியப்படும். விளையாட்டு வீரரின் திறனையும் இவ்வாறு எண்ணால் அளந்தறியும் முறை எங்ஙனம் தோன்றியது, அதன் பயனும் குறையும் யாவை என்பன வரலாறு பயில்வோர் ஆராயத்தக்கன.

இம்முறை அமெரிக்கரின் தளப்பந்தாட்டத்திலே பெரிதும் வளர்ந்ததாயினும், அதன் வித்துத் துடுப்பாட்டமேயாகும். இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் 1824 இற் பிறந்து, இளமையிலே அமெரிக்காவிற் குடியேறிய ஹென்றி சட்விக் என்பார் துடுப்பாட்டச் செய்திகளை எழுதிவந்தவர். துடுப்பாட்ட ஓட்டப் பதிவேட்டை முன்மாதிரியாகக் கொண்டு, 1859 இல் அவர் தளப்பந்தாட்டத்துக்கு ஒரு பதிவுப் பட்டியலை வகுத்தார். அதன் வழியே அடிப்போரின் சராசரியை மதிக்கும் வழக்கமும் வேரூன்றியது. ஆயின், பிழைபட வீசப்பட்ட பந்துகளை அடியாது பொறுத்துநின்று முதலாந் தளத்தைப் பெறுவது வீசுவோனின் குற்றமேயன்றி அடிப்போனின் திறனன்று என அவர் கருதினார். அதனாற் பொறுமை என்னும் நற்பண்பு நெடுங்காலம் கணக்கிற் சேராதாயிற்று.

இக்குறையை எடுத்துக்காட்டியவருள் பில் ஜேம்ஸ் குறிப்பிடத்தக்கவர். கன்சாஸ் மாநிலத்தில் உணவு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றின் இராக் காவலராயிருந்த அவர், 1977 இல் தம் ஆராய்ச்சியின் முதல் நூலைத் தாமே வெளியிட்டார். எவ்வழியாலேனும் தளத்தை அடையும் விகிதமே வெற்றிக்கு வழி என்னும் கொள்கை பின்னர் ஒக்லண்ட் அணியினரால் மேற்கொள்ளப்பட்டது. 2002 இல் அவ்வணி 103 ஆட்டங்களில் வென்றது. நியூயோர்க் யாங்கீஸ் அணியும் அவ்வாண்டு 103 ஆட்டங்களிலேயே வென்றது. ஆயின் ஒக்லண்ட் வீரரின் ஊதியத் தொகை மற்றையோரதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. இறுதிக் கிண்ணம் கிட்டவில்லையாயினும், செல்வம் குறைந்தோரும் சரியானதை எண்ணினால் செல்வரோடு நிகர்நிற்கலாம் என்பது புலனாயிற்று.

இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. 1996 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத் துடுப்பாட்டப் போட்டியில் மிகுதியான ஓட்டங்களைப் பெற்றவர் இந்தியாவின் சச்சின் டெண்டுல்கர்; அவர் பெற்றவை 523. எனினும் தொடரின் சிறந்த வீரராகத் தெரியப்பட்டவர் 221 ஓட்டங்களே பெற்ற சனத் ஜயசூரிய ஆவார். அவரது சராசரி 36.83. ஆயின் அவர் 100 பந்துகளுக்கு 131 ஓட்டங்கள் என்னும் வேகத்தில் ஆடினார். முதல் 15 ஓவர்களிற் களத்தடுப்பாளர் இருவரே வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்ற விதியை அவரும் துணைவரும் நன்கு பயன்படுத்தினர். பந்துவீச்சாலும் அவர் அணிக்கு உதவினார். சராசரி மறைத்ததை வேகத்தின் கணக்கு வெளிப்படுத்தியது.

ஏட்டிலே முற்றும் அடங்காத பெருமையும் உண்டு. மகாதேவன் சதாசிவம் 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் பெற்றவர். அவர் ஆடிய முதற்றர ஆட்டங்கள் 11, சராசரி 41.83. இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை 1982 இலேயே ஆடியது. சதாசிவமோ 1977 இற் காலமானார். ஆதலின் டெஸ்ட் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. 52 டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 என்னும் சராசரி பெற்ற டொன் பிராட்மனோடு அவரை ஒப்பிட எண்ணிடம் வழியில்லை. ஆயினும் 1948 மார்ச்சில் பிராட்மனின் அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் சதாசிவமே. அன்று 22 கெசம் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 கெசமே இருந்தமை பின்னர் அளந்து அறியப்பட்டது. மரக்காலே குறையுடைத்தாயின் அளவு எங்ஙனம் மெய்யாகும்?

இவற்றால் விளங்குவன மூன்று. எண்ணவேண்டியதைத் தெரிந்து எண்ணவேண்டும், அளவுகோலைச் சோதிக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னே ஆட்டத்தைப் பதிந்து வைக்கவேண்டும். மட்டக்களப்பின் வெபர் அரங்கிலும் வாவிக்கரைப் பாடசாலைத் திடல்களிலும் ஆடும் இளைஞருக்கு மூன்றாவதே முதன்மையானது. தலைநகரினின்றும் தொலைவில் வாழும் ஒருவனின் ஆற்றலை நேரிற் காணாதார்க்கு அதனை எடுத்துரைக்க வல்லது பதிவேடு ஒன்றே. ஒவ்வோர் ஆட்டத்தின் ஓட்டமும் வீழ்ச்சியும் ஒழுங்காக எழுதப்பட்டுக் கல்லூரி நூலகத்திற் பேணப்படுமாயின், அவன் பெயர் கண்டோர் நினைவோடு மறையாது. அளவாது விட்ட பொலி மழையோடு போம். அளந்து சேர்த்த நெல்லே அடுத்த போகத்துக்கு விதையாகும்.