உதகையில் வாழ்ந்த தமிழ் மாணவர்

சிவாலயங்களில் குடமுழுக்கு நிகழுங்கால், வேள்விச்சாலையில் மறையொலியோடு திருமுறை ஒலியும் எழுதல் தமிழ்நாட்டு வழக்கம். அத்திருமுறைகளுள் கல்நெஞ்சையும் கரைக்கும் திருவாசகம் கடல் கடந்து சென்று, தமிழ் அறியாதார் கைகளிலும் ஏடாக விளங்குகின்றது. அதனை அங்கே கொண்டு சேர்த்தவர் இந்நீலமலையில் சிலகாலம் வாழ்ந்த பெரியார் ஒருவர் என்பது நம்மவர் நினைவிற்கொள்ளத் தக்கது. அவரே தமிழ் மக்களால் போப்பையர் எனப் போற்றப்படும் ஜி. யு. போப் ஆவார்.

இவர் 1820 ஏப்ரல் 24இல் கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். 1837இல் இங்கிலாந்தில் தமிழின் முதற்பாடம் கேட்டார். 1839இல் சமயப்பணிக்கெனத் தமிழகம் போந்தார். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணிபுரிந்தபின், உதகமண்டலத்திற்கு வந்து பள்ளி ஒன்றை நிறுவிச் சுமார் பத்தாண்டுகள் நடத்தினார். கற்பிக்க வந்தவர் கற்பதை ஒருநாளும் விட்டாரல்லர். இம்மலையின் பழங்குடியினராகிய தோடரின் மொழி எழுத்தில்லாதது. ஆயினும் திராவிட மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. மெட்சு என்னும் ஜெர்மானியத் தொண்டர் திரட்டிய சொற்களைக் கொண்டு அம்மொழிக்குச் சிற்றிலக்கணம் ஒன்றைப் போப்பையர் வகுத்தார். அது 1873இல் மார்ஷல் என்பார் தோடரைப்பற்றி எழுதிய நூலின் பகுதியாக வெளிவந்தது.

பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளாக்கி 1886இல் வெளியிட்டார். 1893இல் நாலடியார் வெளிவந்தது. எஞ்சியது திருவாசகம். ஓர் இரவு, நிலவொளியில் பேலியல் கல்லூரி முற்றத்தில் அக்கல்லூரித் தலைவர் ஜோவெட்டிடம் மணிவாசகர் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். அதனை நூலாக்குக என்றார் தலைவர். அப்பணி நெடிது, தம் வாழ்நாளோ குறுகியது எனத் தயங்கினார் முதியவர். தலைவர் அவர் தோளிற் கைவைத்து, பெரும்பணி ஒன்றை மேற்கொண்டிருப்பதே நீடு வாழ வழி, அது முடியுமளவும் நீர் வாழ்வீர் என்றார். ஜோவெட் 1893இல் மறைந்தார்; அவர் வாக்கு மறையவில்லை. தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடிய திருவாசகம் 1900இல் வெளிவந்தது. தம் எண்பதாம் பிறந்தநாளை நாளாகக் குறித்து அதற்கு முன்னுரை வரைந்தார் ஆசிரியர். முதற்பாடம் கேட்ட நாள்தொட்டு அறுபத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன!

போப்பையர் இறுதிவரை கிறித்தவக் குருவாகவே வாழ்ந்தார். வள்ளுவர் கிறித்தவப் போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என அவர் கருதியதைத் தமிழறிஞர் பலர் ஏற்றிலர். எனினும், தம் சமயத்தைத் துறவாமலே பிறர் சமயத்தின் உயிரொலியைச் செவிமடுக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும். அயலான் நம் நூலை நுகர வேண்டின், யாரோ ஒருவர் தம் ஆயுளை அதற்கு ஈந்தாக வேண்டும். அவ்வாறே பிறநாட்டு நல்லறிஞர் நூல்களை நம் மொழியிற் கொணர்தலும் நம் கடனன்றோ?

தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' எனப் பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றொரு செய்தி நெடுநாளாக நம்மிடை வழங்குகின்றது. 1908 பிப்ரவரி 11இல் மறைந்த அவர்க்கு ஆக்ஸ்போர்டில் நாட்டப்பெற்ற கல்லில் அச்சொற்கள் இல்லை. ஆயின் அதனினும் அரியதோர் உண்மை ஆங்குப் பொறிக்கப்பட்டுள்ளது: அக்கல்லை நாட்டியவர்கள் அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள அவர்தம் தமிழ் நண்பர்களும் ஆவர். கடல் கடந்து நின்ற அந்நண்பர்களை அவர்க்கு ஈட்டித் தந்தது தமிழே!