'பாதி ரெஸ்டோர் செய்த சார்ஜர் விற்பனைக்கு!' - ஒரு மஸில் கார் விளம்பரத்தை எப்படிப் படிக்கணும்?

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' முதல் பாகத்தில், டொமினிக் டொரெட்டோ தன் கராஜில் ஒரு கறுப்பு காரைக் காட்டுவாரே, ஞாபகம் இருக்கா? பானெட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே நிற்கும் இன்ஜின், குரோம் பம்பர், ஒரு மிரட்டல் லுக்! அதுதான் 1970 டாட்ஜ் சார்ஜர்.

அமெரிக்காவில் இந்த கார்களுக்கான விற்பனை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: 'பாதி ரெஸ்டோர் செய்யப்பட்டது'. முழுசா முடித்த வண்டியைவிட விலை குறைவு என்பதால் பலர் ஆசைப்பட்டு வாங்கிடுவாங்க. ஆனால், அந்த 'பாதி' எந்தப் பாதி என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கு.

மஸில் கார்னா என்ன?

நடுத்தர சைஸ் கார், அதுக்குள்ள பெரிய வி8 இன்ஜின், இளைஞர்கள் வாங்கக்கூடிய விலை. ஃபார்முலா அவ்வளவுதான். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-தான் இந்த அலையைக் கிளப்பிவிட்டது என்பார்கள். அடுத்த சில வருஷங்களில் எல்லா கம்பெனிகளும் களத்தில் குதித்தன.

1970 சார்ஜரில் 'ஆர்/டி' மாடல்தான் கெத்து. அதில் ஸ்டாண்டர்டாகவே 440 கியூபிக் இன்ச், அதாவது 7.2 லிட்டர் இன்ஜின்; 375 குதிரைசக்தி. நம்ம ஊர் ஸ்விஃப்ட் 1.2 லிட்டர்தான், ஆறு மடங்கு! இன்னும் காசு கொடுத்தால் மூன்று கார்புரேட்டர் கொண்ட 'சிக்ஸ் பேக்' (390 குதிரைசக்தி) அல்லது 426 ஹெமி (425 குதிரைசக்தி) கிடைத்தது.

ஆட்டம் ரொம்ப நாள் நீடிக்கலை. இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின, 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மஸில் கார்களின் காலம் முடிந்தது. எஞ்சிய வண்டிகள் மதிப்பு குறைந்த பழைய கார்களாகி, வெயிலிலும் மழையிலும் கிடந்தன. இன்று ரெஸ்டோர் செய்யப்படுவதில் பல வண்டிகளின் பூர்வகதை இதுதான்.

முதல்ல நம்பரைப் படிங்க

டிரைவர் பக்கம் டாஷ்போர்டு மேல், கண்ணாடி வழியாகவே தெரியும் இடத்தில் வின் நம்பர் தகடு இருக்கும். 1970 சார்ஜரில் அது 'எக்ஸ்.எஸ்.29' என்று தொடங்கினால் ஒரிஜினல் ஆர்/டி. 'எக்ஸ்.ஹெச்.29' என்றால் சாதா சார்ஜர். 'எக்ஸ்.பி.29' என்றால் சார்ஜர் 500. ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும்: 'யு' என்றால் 440, 'வி' என்றால் சிக்ஸ் பேக், 'ஆர்' என்றால் ஹெமி.

சாதா சார்ஜருக்கு ஆர்/டி ஸ்டிக்கரும் பேட்ஜும் மாட்டி விற்பது சகஜம். அதுக்கு 'குளோன்' என்று பெயர். குளோன் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. ஆர்/டி என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால்தான் மோசடி.

வின் நம்பரின் கடைசி இலக்கங்கள் இன்ஜின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் குத்தப்பட்டிருக்கும். எல்லாம் பொருந்தினால் 'மேட்சிங் நம்பர்ஸ்' வண்டி, மதிப்பு கூடுதல். பழைய நம்பரை ராவிவிட்டு புதுசா குத்தும் கில்லாடிகளும் இருக்காங்க. அதனால், தெரிந்த ஒருவரைக் கூட்டிட்டுப் போய்ப் பார்ப்பது நல்லது. பானெட்டுக்குள் இருக்கும் 'ஃபெண்டர் டேக்' தகட்டில் ஒரிஜினல் கலர், ஆப்ஷன்களின் கோடு இருக்கும். அதையும் போட்டோ எடுத்துக்கோங்க.

பளபளப்பை நம்பாதீங்க பாஸ்!

சார்ஜருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். அதனால் துரு என்பது அழகுப் பிரச்னை மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்னை.

பார்க்க வேண்டிய இடங்கள்: பின் கண்ணாடியின் அடி ஓரம் (முக்கியமா வினைல் கூரை இருந்த வண்டி என்றால், ஈரம் அதற்கடியில் தங்கியிருக்கும்), டிக்கி தரை, கால் வைக்கும் தரை, பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள தகடு. எல்லாவற்றையும்விட முக்கியம், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் வந்து மாட்டும் குறுக்குச் சட்டம். முழு முன்பக்க எடையின் விசையும் அங்கேதான் இறங்கும். அது அரித்திருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

பாக்கெட்டில் மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் 'டக்' என்று ஒட்டும். பட்டி பார்த்த இடத்தில் நழுவும். புது பெயின்ட் மின்னுற இடத்தில்தான் இந்த சோதனையை அதிகமா பண்ணணும்.

எந்தப் பாதி முடிஞ்சிருக்கு?

ரெஸ்டோரேஷனில் ஒரு வரிசை உண்டு. முதலில் தகடு வேலை, பிறகு பெயின்ட், அப்புறம் மெக்கானிக்கல், வயரிங், கடைசியாக சீட்டும் குரோமும். தகடு வேலை ஒழுங்காக முடிந்து, பெயின்ட் இல்லாமல் பிரைமரோடு நிற்கும் வண்டி பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால், அதுதான் நல்ல டீல். துருவை மறைத்து பெயின்ட் அடித்து, புது சீட் போட்ட வண்டி ஜம்முனு இருக்கும். ஆனால், எல்லாத்தையும் பிரிச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

'இன்ஜின் ரீபில்ட் செஞ்சாச்சு' என்றால், எப்போ என்று கேளுங்கள். பத்து வருஷமா ஸ்டார்ட் பண்ணாம நின்ற இன்ஜினில் சீல்கள் காய்ந்திருக்கும். பில், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்கள் இருக்கா என்றும் கேளுங்கள். தகடு வெட்டி ஒட்டியதற்கு போட்டோதான் சாட்சி.

'எல்லா பார்ட்ஸும் பெட்டியில இருக்கு' என்ற வரியும் உஷார் வரிதான். லிஸ்ட் போட்டு எண்ணுங்கள். பாடித் தகடுகள் புதுசாகவே கிடைக்கும். ஆனால், முன்முகத்தைச் சுற்றி ஒரே வளையமாக வரும் அந்த குரோம் பம்பர் 1970 மாடலுக்கு மட்டுமே உரியது. அதை மறுபடி குரோம் பூசுவது பர்ஸைப் பதம் பார்க்கும்.

கடைசியாக, 'டைட்டில்'. நம்ம ஆர்.சி புக் மாதிரியான உரிமைப் பத்திரம். அதில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

கணக்கு என்ன சொல்லுது?

நல்லபடியா முடித்த ஆர்/டி சார்ஜர்கள் லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போவதுண்டு. இதைப் பார்த்துத்தான் பலர் பாதி வண்டியை வாங்குகிறார்கள். ஆனால், டிங்கரிங், பெயின்ட்டுக்கே நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு தேவை. அதைக் கூலிக்குக் கொடுத்தால், முடித்த வண்டியின் விலையைவிட செலவு கூடிவிடலாம். விற்பவர் பாதியில் நிறுத்தியதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பணம் தீர்ந்திருக்கும், இல்லைன்னா நேரம் தீர்ந்திருக்கும்.

அதனால் விலை பேசும்போது, முடிந்த வேலையைப் பார்த்துப் பேசாதீங்க. மிச்சம் இருக்கும் வேலையை எழுதி, கூட்டிப் பார்த்துப் பேசுங்க. அதோடு விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: 'நீங்க ஏன் முடிக்கலை?' அதுக்கு நேர்மையான பதில் வந்தா, கார்ல பாதி நல்லா இருக்குன்னு அர்த்தம்!