கஞ்சித்தொட்டி மருத்துவமனையும் பழைய சோறும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பழைய ஜெயில் சாலையில் அமைந்துள்ளது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னை மக்கள் இதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றும் அழைப்பர். ஐதர் அலியின் படையெடுப்பை அடுத்து வந்த பஞ்சத்தில், 1782-ஆம் ஆண்டு இங்கிருந்த மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றப்பட்டது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினார். 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவானது.

பசிக்குச் சோறிட்ட அதே இடம் அண்மை ஆண்டுகளில் சோற்றையே ஆய்வுப் பொருளாக்கியது. இம்மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராயத் தமிழக அரசு நிதி அளித்தது. பெருங்குடலில் பல ஆண்டுகள் நீடிக்கும் அழற்சி புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். ஆகவே இந்த ஆய்வு புற்றுநோய்த் தடுப்புக்கு அருகில் நிற்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பழைய சோறு புற்றுநோயைத் தடுக்கும் என்று பரப்பப்படும் செய்திகள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகின்றன.

வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்க இயலாததாக மாறுகிறது. நீர் ஊற்றி இரவு முழுவதும் வைத்தால் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலமாக்குகின்றன. குடல்சுவர்ச் செல்களுக்கு முதன்மை எரிபொருள் இதுவே. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்போரிடம் பெருங்குடல் புற்றுநோய் அரிது என 1971-இல் எழுதியதற்குப் பிற்காலத்தில் கிடைத்த விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

கோட்பாடு அழகானது; சோதனை அத்தனை இணங்கவில்லை. லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இவ்வகை மாவுச்சத்தை நாளொன்றுக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வில் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. வேறு சில புற்றுநோய்கள் குறைந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆய்வில் பெருங்குடல் புற்றுநோயைக் குறைத்தது ஆஸ்பிரின் மாத்திரை. வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடிய மருந்தாதலால் அதைத் தாமாக உட்கொள்ளலாகாது.

பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு பற்றியும் அச்சம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருப்பது சீன முறை உப்பு மீனை. அதுவும் மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோய்க்கு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அந்த முகமை 2015-இல் சுட்டியது சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை. நாள்தோறும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஆபத்து சுமார் 18 விழுக்காடு கூடுகிறது. ஐரோப்பாவில் 4,78,000 பேரிடம் நடந்த ஆய்வில் மீன் அதிகம் உண்டோருக்கு ஆபத்து குறைவாக இருந்தது. காசிமேட்டுக்கு இது நல்ல செய்திதான்.

ஆளுக்கேற்ற உணவு என்ற கருத்து இங்கேதான் வருகிறது. இஸ்ரேலில் 800 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரே உணவு வெவ்வேறு ஆட்களின் இரத்தச் சர்க்கரையை வெவ்வேறு அளவில் உயர்த்தியது. குடல் நுண்ணுயிரிகளும் அதற்கு ஒரு காரணம். எனவே நீரிழிவு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பழைய சோற்றின் அளவு ஒன்றாக இருக்க முடியாது. லிஞ்ச் குடும்பத்தினருக்கோ எந்த உணவும் பரிசோதனைக்கு ஈடாகாது. மரபணுவைப் பொறுத்து 20–25 வயதிலோ சற்றுப் பின்னரோ அவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பி தொடங்கப்படுகிறது.