கார்க் கண்ணாடிகளில் கறுப்பு பிலிம்: ஒட்டியதும் உரித்ததும்

வெயிலையும் வெளிச்சத்தையும் குறைப்பதற்காகக் கார்க் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய நெகிழித் தாளே கறுப்பு பிலிம் ஆகும். இதைக் கடைகளில் 'சன் பிலிம்' என்றும் பேச்சு வழக்கில் 'கறுப்பு ஸ்டிக்கர்' என்றும் சொல்வார்கள். 2012-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி இந்தியா முழுவதும் கார்களிலிருந்து இது உரித்தெடுக்கப்பட்டது. அதற்குக் காரணமான விதி, அதைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பின்னர் வந்த மாற்றங்கள், பழைய பிலிமை உரிக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றம்

பிலிமின் மூலப்பொருள் பாலியெஸ்டர். 1941-இல் பிரிட்டனைச் சேர்ந்த வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் வேதியியலாளர்கள் இதற்குக் காப்புரிமை கோரினர். 1950-களில் இது மெல்லிய தாள் வடிவில் விற்பனைக்கு வந்தது. கண்ணாடியில் ஒட்டி வெப்பத்தையும் ஒளியையும் தடுக்கும் தாளுக்கு அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1966-இல் காப்புரிமை பெற்றது. முதலில் கட்டடங்களின் சன்னல்களில் ஒட்டப்பட்ட இத்தாள் பின்னர் கார்களுக்கும் வந்தது.

நம் நாட்டு வெயிலில் இதற்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கை சுடும், ஏ.சி. போட்டாலும் குளிர நேரமாகும். வெயிலுக்காக ஒட்டியவர்களும் உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஒட்டியவர்களும் உண்டு. காலப்போக்கில் கறுப்புக் கண்ணாடி பெரிய மனிதர்களின் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

விதி 100

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் உட்செலுத்த வேண்டும். கண்ணாடி அவ்வாறு இருக்க வேண்டும், அந்த நிலையிலேயே 'பராமரிக்கப்பட வேண்டும்' என்று அவ்விதி கூறியது.

இதில் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கண்ணாடி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டை உள்ளே விடுகிறது எனக் கொள்வோம். அதன்மேல் 70 விழுக்காடு ஒளியை விடும் பிலிமை ஒட்டினால், 80-இல் 70 விழுக்காடு, அதாவது 56 விழுக்காடு ஒளி மட்டுமே உள்ளே வரும். பிலிம் தனியாகப் பார்த்தால் அளவுக்குள் இருப்பதுபோல் தோன்றும். முன்கண்ணாடியில் ஒட்டியபின் விதியை மீறிவிடும். காவலர் ஒருவர் சாலையோரத்தில் நின்று இந்த அளவை வெறும் கண்ணால் கணிப்பது கடினம். விதி இருந்தும் நடைமுறைக்கு வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

2012 தீர்ப்பு

கறுப்புக் கண்ணாடி வண்டிகள் கடத்தல், கொள்ளை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்கு மறைப்பாக அமைகின்றன என்று கூறி உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கலானது. 2011-ஆம் ஆண்டின் 265-ஆம் எண் ரிட் மனு அது. தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா, நீதிபதிகள் ஏ.கே.பட்நாயக், சுவதந்தர் குமார் ஆகியோர் கொண்ட அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது.

வழக்கின் முடிச்சு 'பராமரித்தல்' என்ற சொல்லில் இருந்தது. குறிப்பிட்ட அளவு ஒளி உள்ளே வந்தால் போதும், பிலிம் ஒட்டினால் என்ன என்பது ஒரு வாதம். கண்ணாடி தயாரிக்கப்படும்போதே அந்த அளவில் இருக்க வேண்டும், அதே நிலையில் அதைக் காப்பதுதான் பராமரித்தல், வெளியிலிருந்து எதையும் சேர்ப்பது பராமரித்தல் ஆகாது என்று நீதிமன்றம் விளக்கியது. ஆகவே எந்த விழுக்காடு கொண்ட பிலிமையும் ஒட்டக்கூடாது என முடிவாயிற்று. தயாரிப்பிலேயே விதிக்குட்பட்டு நிறமேற்றிய கண்ணாடிக்குத் தடை இல்லை.

தடை 2012 மே 4 முதல் நடைமுறைக்கு வந்தது. காவலர்கள் அபராதம் விதிப்பதோடு பிலிமையும் அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்புப் பெற்றவர்களின் வண்டிகளுக்கு மட்டும், உயர் அதிகாரிகள் ஆராய்ந்து விலக்கு அளிக்கலாம். தீர்ப்பை மாற்றக் கோரிய மனுக்களை 2012 ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தனிமனித வசதியைவிடப் பொதுமக்களின் பாதுகாப்பு பெரிது என்பதே அதன் நிலைப்பாடு.

சட்டம் எழுதப்பட்டால் மட்டும் போதாது என்பதை அதே ஆண்டு டிசம்பர் 16 காட்டியது. தில்லியில் இளம்பெண் ஒருவர் ஓடும் பேருந்தில் கொடுமைக்குள்ளாகிப் பின்னர் உயிரிழந்தார். அந்தப் பேருந்தின் சன்னல்களில் கறுப்பு பிலிமும் திரையும் இருந்தன. தடை வந்து ஏழு மாதங்கள் கடந்திருந்தன.

பிந்தைய மாற்றங்கள்

2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, பொதுவான விதிமீறலுக்கான முதல் அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்ந்தது. அடுத்து 100-ஆவது விதியும் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் பாதுகாப்புக் கண்ணாடியோடு உட்புறம் நெகிழிப் படலம் கொண்ட கண்ணாடியும் அதில் இடம்பெற்றது. இதன் அடிப்படையில், 70, 50 விழுக்காட்டு அளவுகளுக்கும் இந்தியத் தர நிர்ணயத்திற்கும் உட்பட்ட பிலிமுக்காக அபராதம் விதிக்கக்கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற மாநிலங்களை இத்தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. எப்படியாயினும், உள்ளே இருப்பவர் தெரியாத அளவுக்குக் கறுப்பான பிலிம் எந்த விளக்கத்தின்படியும் செல்லாது.

உரிக்கும் முறை

சாயமேற்றிய மலிவான பிலிம் சில ஆண்டுகளில் ஊதா நிறமாக மாறும். புற ஊதாக் கதிர்கள் சாயத்தைச் சிதைப்பதே காரணம். பசை தளர்ந்து கொப்புளங்களும் எழும். இத்தகைய கண்ணாடி வழியே இரவில் சாலையோரம் நடப்பவரைக் கண்டறிவது கடினம். எனவே அபராதத்திற்கு அஞ்சி மட்டுமல்ல, ஓட்டுபவரின் பார்வைக்காகவும் பழைய பிலிமை அகற்றுவது நல்லது.

பிலிமை வெடுக்கென இழுத்தால் தாள் துண்டுதுண்டாகக் கிழியும். பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். பசையை இளக்குவது வெப்பம். முடி உலர்த்தியால் ஒரு மூலையைச் சூடாக்கி, நகத்தால் கிளப்பி, சூடு காட்டிக்கொண்டே மெதுவாக உரிக்க வேண்டும். எஞ்சிய பசைமேல் சோப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளை ஒட்டி ஊறவைத்துத் துடைக்கலாம். பக்கக் கண்ணாடியில் பிளேடை ஈரத்தோடு, சாய்வாகப் பயன்படுத்தலாம். பின்கண்ணாடியில் மட்டும் பிளேடு கூடாது. பனி நீக்குவதற்காக அதன் உட்புறம் பதித்துள்ள மெல்லிய மின்கோடுகள் அறுந்தால் அந்த வசதி வீணாகும். சிலர் அம்மோனியா தெளிப்பார்கள். அதன் நெடி கண்ணையும் மூச்சையும் பாதிக்கும் என்பதால் மூடிய காருக்குள் அதைப் பயன்படுத்தக்கூடாது.