செங்கல்லும் சுண்ணாம்பும்: சிங்கைக் கட்டடங்கள் கண்ட பழைய நெறி

சிங்கைத் தீவில் தமிழர் எழுப்பிய முதற் கோயிலின் வரலாற்றைக் கூறப் புகுவோர் நாராயண பிள்ளை அவர்களின் பெயரைக் கொண்டே தொடங்குவர். 1819ஆம் ஆண்டு மே மாதம் 'இந்தியானா' கப்பலில் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய அப்பெருமகனார், 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் மாரியம்மனுக்கு ஒரு சிறு கோயிலை அமைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தியாகும். கோயில் காணுமுன்பே அவர் செங்கற்சூளை கண்டவர் என்பதும், இத்தீவின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவரே என்பதும் அத்துணை அழுத்தமாகப் பேசப்படுவதில்லை. தஞ்சோங் பகார் பகுதியில் அவர் அமைத்த சூளை இத்தீவின் முதற் செங்கற்சூளை என்பர். கொத்தர்களையும் தச்சர்களையும் அவர் பினாங்கிலிருந்தே வரவழைத்தார்.

அக்காலத்தில் கட்டுவோர்க்கு வழிகாட்டும் விதிகள் இல்லாமல் இல்லை. 1822 நவம்பரில் நகரமைப்புக் குழுவினருக்கு ராஃபிள்ஸ் விடுத்த கட்டளைகளுள், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் வீடுகள் யாவும் ஒரே சீரான முகப்பு உடையனவாக இருத்தல் வேண்டும் என்பதும், ஒவ்வொரு வீட்டின் முன்னும் தெருவின் இருமருங்கும் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழி எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் அடங்கும். நம்மவர் இன்றும் 'அஞ்சடி' என்று வழங்கும் ஐந்தடி நடைபாதைக்கு மூலம் இதுவே. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர்க்குப் புகலிடமான இவ்வமைப்பு, வீட்டின் முன்சுவரையும் நேர்வெயில் தாக்காமல் காத்தது. குளிர்சாதனம் என்ற சொல்லே பிறவாத காலத்தில் ஒரு நகரம் முழுவதற்கும் நிழலை விதியாக்கியது, அவ்விதியை இயற்றியவரின் பிற நோக்கங்கள் எவையாயினும், போற்றத்தக்கதே.

விதி வந்துவிட்டது, அதனைக் கல்லாகவும் சுவராகவும் ஆக்கும் கைகள் வேண்டுமே! 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதற் குழுவினர் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர்ச் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்தும் கைதிகள் வந்தவண்ணம் இருந்தனர். 1873இல் அவ்வமைப்புக் கலைக்கப்படும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் சாலைகளையும் பாலங்களையும் கலங்கரை விளக்கத்தையும் அமைத்தவர்கள் அவர்கள். இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும், 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்தம் உழைப்பே. சிரங்கூன் சாலையில் அவர்களுக்கெனச் செங்கற்சூளை இருந்தது. மண்வெட்டி பிடித்தறியாத பலர் சிறைக்குள்ளேயே கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுத் தேர்ந்தனர்.

தேவாலயத்தின் உட்சுவர்களில் பூசப்பட்ட சாந்து தனியே எடுத்துரைக்கத் தக்கது. 'மதராஸ் சுண்ணாம்பு' என்று ஆங்கிலேயர் பெயரிட்டழைத்த இப்பூச்சின் செய்முறையை, அப்பணியை மேற்பார்த்த மக்நேர் என்னும் பொறியாளர் 1899இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார். கிளிஞ்சல் சுண்ணாம்பை மணல் கலவாமல் எடுத்துக்கொண்டனர். அதனுடன் முட்டையின் வெண்கருவையும் வெல்லத்தையும் சேர்த்துப் பசையாக வரும்வரை இடித்தனர். தேங்காய் மட்டைகளை ஊறவைத்த நீரை ஊற்றிப் பதமாக்கினர். பூச்சு உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லைக்கொண்டு பளபளப்பு ஏறும்வரை தேய்த்தனர்; இடையிடையே மாக்கல் பொடியைத் தூவினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. சோழமண்டலக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த முறை, கால்விலங்கோடு கடல் கடந்து ஓர் ஆங்கிலத் திருச்சபையின் சுவரில் ஏறியது என்பதே இதன் சிறப்பு.

சுண்ணாம்பின் குணம் சிமெண்டின் குணத்தினின்றும் வேறானது. சுண்ணாம்புக்கல்லை நீற்றுவதற்கு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். சிமெண்டுக்கோ 1,450 பாகை அளவில் சூளை எரிதல் வேண்டும். சூளையில் வேகும்போது வெளியேறும் கரியமில வாயுவின் ஒரு பகுதியைச் சுண்ணாம்புச் சாந்து சுவரில் இறுகும் ஆண்டுகளில் காற்றிலிருந்து மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அது மூச்சு விடும் பூச்சு. செங்கல்லுக்குள் ஏறும் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய செங்கல்லைப் பிரித்தெடுத்து மற்றொரு சுவருக்குப் பயன்படுத்தலாம். சிமெண்டில் பதித்த செங்கல் பெரும்பாலும் உடைந்தே வரும். பழைய சுவரின்மேல் உறுதிக்கென்று நல்லெண்ணத்தோடு சிமெண்டு பூசப்பட்ட இடங்களில், வெளியேற வழியற்ற ஈரமும் உப்பும் உள்ளிருக்கும் செங்கல்லையே பொடியாக்கிவிடுகின்றன. மேற்பூச்சு திடமாக நிற்க உட்சுவர் உதிரும் இக்கொடுமை, பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போர் பலரும் காலங்கடந்து கண்ட ஒன்றாகும்.

பழைமை யாவும் மாசற்றது என்று கொள்வதும் பிழையே. சுண்ணாம்புக்காகத் தீவைச் சூழ்ந்திருந்த பவளப்பாறைகள் பெயர்த்தெடுத்து எரிக்கப்பட்டன. செங்கற்சூளைகளுக்கு மரங்கள் விறகாயின. எல்லாவற்றிற்கும் மேலாக, அந்நாளைய மலிவு என்பது கூலியின்றி உழைத்த மனிதரின் முதுகின்மேல் நின்ற மலிவு. கட்டடங்களை வடிவமைத்தோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன; வெண்கருவும் வெல்லமும் கூட்டி இடித்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டில் தேடினால் கிடைப்பதில்லை.

விடுதலைக்குப் பின்னர் வானளாவிய கட்டடங்கள் எழுந்த வேகத்தில் பழைய தெருக்கள் பல மறைந்தன. 1971இல் நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புக் கழகம் அமைந்தது. 1973இல் முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற எட்டுச் சின்னங்களுள் ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் ஒருசேர இடம்பெற்றமை மகிழ்ச்சிக்குரியது. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலியன பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இயன்றவரை உள்ளதை நிலைநிறுத்துதல், உணர்ந்து மீட்டமைத்தல், கவனத்தோடு பழுதுபார்த்தல் ஆகிய மூன்றும் நகரச் சீரமைப்பு ஆணையம் வகுத்த நெறிகளாம்.

புதிய கட்டடங்களுக்கான நெறி சற்றுத் தாமதமாகவே வந்தது. 2005இல் 'கிரீன் மார்க்' தரச்சான்று தொடங்கப்பெற்றது; 2008 முதல் சுற்றுச்சூழல் தரத்தின் குறைந்தபட்ச அளவு சட்டமாயிற்று. இடையே 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது கான்கிரீட்டின் விலை ஏறிற்று. அரசு தன் சேமிப்பிலிருந்து மணலை வழங்க நேர்ந்தது. இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்து மீண்டும் சல்லியாகப் பயன்படுத்தும் முயற்சிக்கு அதன்பின் ஊக்கம் மிகுந்தது. ஒரு காலத்தில் தன் களிமண்ணையே சுட்டுத் தன் சுவர்களை எழுப்பிக்கொண்ட தீவு, ஒரு பிடி மணலுக்கு அண்டை நாட்டை நோக்க வேண்டிய நிலை அது.

கோயில்களுக்கோ பழுதுபார்ப்பது புதிய நெறியன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்னும் மரபு, சமயச் சடங்கு என்ற அளவில் நில்லாமல், கட்டடத்தை முறைதவறாது சோதித்துச் செப்பனிடும் ஏற்பாடாகவும் விளங்குகிறது. வேர் விட்ட ஆலஞ்செடி, ஒழுகும் தளவரிசை, கை முறிந்த சுதைச்சிற்பம் ஆகிய யாவும் திருப்பணியில் பார்வைக்கு வந்துவிடுகின்றன. ஆயின் அத்திருப்பணியே ஆபத்தாவதும் உண்டு. உடையாததை உடைத்துப் புதிதாக்கவும், சுதையைச் சிமெண்டாக்கவும், தாராளமாக வரும் நன்கொடையே தூண்டுகோலாகிவிடுகிறது. எதனைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்வதே நிருவாகத்தினர்க்கு மிகக் கடினமான பணி எனலாம்.

சவுத் பிரிட்ஜ் சாலை ஆலயத்தின் இன்றுள்ள கட்டடத்தில் மிகப் பழைய பகுதிகள், ஓலைக்கொட்டகையின் இடத்தில் செங்கல்லால் கட்டப்பெற்ற 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதன் பெரும்பகுதி வேலையை நாகப்பட்டினம், கடலூர் வட்டாரங்களிலிருந்து வந்த கைவினைஞர்கள் செய்தனர் என்று கருதப்படுகிறது. ஆறு நிலை இராசகோபுரம் 1925இல் எழுந்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நடைபெற்ற குடமுழுக்கிற்கு முன்னர், கோபுரத்தின்மீது சாரம் கட்டி ஒவ்வொரு சிற்பத்தையும் செப்பனிட்டு வண்ணம் தீட்டுவதற்கு, 180 ஆண்டுகளுக்கு முன் போலவே, இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் கடல் கடந்து வந்திருந்தனர்.