மென்மணம் தேர்ந்த மன்னன்

வாசனைத் திரவியங்களை விரும்பினோர் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அவற்றின் கடுமையைத் தாங்கமாட்டாதார் வரலாற்றை எழுதப் புகுவோர் அரியர். தலைவலியும் குமட்டலும் சாசனங்களிற் பொறிக்கப்படுவன அல்லவே. ஆயினும், தாங்கமாட்டாதவன் ஒரு பேரரசனாயின் அவனுடைய தலைவலியும் அரச கருமம் ஆகிவிடுகின்றது. 1643 முதல் 1715 வரை பிரான்சு தேசத்தை ஆண்ட பதினான்காம் லூயி அத்தகைய மன்னன். எல்லா மணத்தையும் வெறுத்து ஒதுக்காது, தன் உடல் ஏற்கும் ஒரு மணத்தை மட்டும் தேர்ந்து வைத்துக்கொண்டான் என்பதே அவன் கதையில் நாம் நோக்கத்தக்கது.

அக்காலத்து ஐரோப்பிய அரண்மனைகளின் மணம் மென்மையானதன்று. நீராடினால் தோலின் துவாரங்கள் திறந்து நோய் உட்புகும் என வைத்தியர்கள் அஞ்சினர். ஆகவே செல்வர் உடலைக் கழுவுவதினும் உள்ளாடையை மாற்றுவதையே தூய்மையெனக் கொண்டனர்; எஞ்சியதை வாசனை மறைத்தது. கொள்ளைநோய் தீய காற்றினாற் பரவுவது என்ற கொள்கையும் நிலவியமையால், கடுமையான வாசனை நோய்க்கு ஒரு கேடயமாகவும் கருதப்பட்டது. தோற்பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற கிராசு நகரம் வாசனைத் தொழிலுக்குத் திரும்பியதும் தோலின் துர்நாற்றத்தை மறைக்க வேண்டியிருந்தமையாலேயே. கையுறை செய்வோரும் வாசனை செய்வோரும் பிரான்சில் ஒரே தொழிற் சங்கத்தவராக இருந்தனர். அவர்தம் உரிமைகளை 1656 ஆம் ஆண்டில் அரச பத்திரம் உறுதிப்படுத்தியது.

அவர்கள் கையாண்ட பொருள்களில் மூன்று தலையாயவை: இமயமலைச் சாரலிலிருந்தும் திபெத்திலிருந்தும் வந்த கஸ்தூரி, நம் கோயில்களும் அறிந்த புனுகு, திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் அம்பர். புனுகுப் பூனைகளைக் கூட்டில் அடைத்து வளர்ப்பது அன்றைய ஆம்ஸ்ரடாம் நகரில் ஓர் இலாபமான வாணிபம். இம்மூன்றும் விலங்கினின்றும் கிடைப்பவை. மூன்றுமே ஒட்டிக்கொண்டால் எளிதில் நீங்காதவை. கையுறையில் ஏற்றிய மணம் பன்னாள் நிற்கவேண்டும் என்பதே வாங்குவோன் எதிர்பார்ப்பு. அந்த நிலைபேறே தாங்கமாட்டாதவனுக்குத் துன்பமாயிற்று.

லூயி மன்னனும் இளமையில் வாசனைகளை மிக விரும்பியவனே. முதுமையில் நிலை தலைகீழாயிற்று. அரசவைக் கோமகனாகிய சென் சிமோன் எழுதிய நினைவுக் குறிப்புகள், மன்னன் எல்லா வாசனைகளையும் அஞ்சத் தொடங்கினான் என்றும், தோடம்பூவின் மணம் ஒன்றே அவனுக்குப் பொறுக்கக்கூடியதாயிருந்தது என்றும், இளமையில் அளவிறந்து துய்த்ததன் விளைவே இது என்றும் கூறுகின்றன. இச்சான்றை நாம் பகுத்தே ஏற்கவேண்டும். சென் சிமோன் 1675 இற் பிறந்தவர்; மன்னனின் இறுதிக் காலத்தையே நேரிற் கண்டவர்; நூலைச் செப்பஞ்செய்ததோ மன்னன் இறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர். அவனிடத்து அவருக்கு அன்பும் அதிகமில்லை. அளவிறந்து துய்த்தவன் தண்டனை பெற்றான் என்பது ஒழுக்க நூலார் விரும்பும் முடிவு. வைத்தியர் கண்ட முடிவன்று. ஆகவே காரணம் பற்றி அவர் கூறுவதை அவருடைய கருத்தாக மட்டுமே கொள்ளலாம். மணத்தைத் தாங்கமாட்டாமையோ அரசவை முழுவதும் அறிந்து ஒழுகவேண்டியிருந்த செய்தி. அதில் அவர் புனைந்துரைக்க இடமில்லை. அரச வைத்தியர்கள் 1647 தொடக்கம் 1711 வரை எழுதிவந்த உடல்நல நாட்குறிப்பும் மன்னனுக்குத் தலைச்சுற்று அடிக்கடி வந்தமையைப் பதிவுசெய்துள்ளது. அது மணத்தினால் வந்ததென்று இன்று துணிதல் இயலாது. ஆயினும் கடுமையான வாசனை பலருக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கின்றது.

தோடம்பூவை மன்னன் எங்கும் தேடவேண்டியிருக்கவில்லை. வேர்சேய் மாளிகையில் 1684 தொடக்கம் 1686 வரை கட்டடக்கலைஞர் ஆர்டுவன் மன்சார் எழுப்பிய தோடை மண்டபத்தின் நடுக்கூடம் 150 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. பெட்டிகளில் நட்ட மரங்கள் பனிக்காலத்தில் அதனுள்ளே காக்கப்பட்டு, கோடையில் வெளியே கொணரப்பட்டன. பூத்த மரங்கள் மாளிகைக் கூடங்களிலும் வைக்கப்பட்டன. இதற்கு மாறான ஒரு காட்சியையும் சென் சிமோன் தருகின்றார். திரியனோன் தோட்டத்தில் நிலச்சம்பங்கியைப் பெருந்தொகையாக நட்டிருந்தனர். மாலையில் அவற்றின் மணம் தாங்காது அனைவரும் தோட்டத்தை விட்டு வெளியேறினர். இயற்கை மலர்தானே, என்ன செய்துவிடும் என்போர் இதனைச் சிந்திப்பாராக. இன்னதில் வந்த மணம் என்பதினும் எவ்வளவு, எவ்விடத்தில், எத்துணை நேரம் என்பவையே பெரிய வினாக்கள்.

இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பிற்கால இரசாயனம் விளக்கியது. தோடை, எலுமிச்சை முதலியவற்றின் மணத்தைத் தரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் சிறியவை; விரைவில் ஆவியாகிப் போய்விடுகின்றன. கஸ்தூரியின் மூலக்கூறு பெரியது. மெல்ல ஆவியாவதால் துணியிலும் தோலிலும் தங்குகின்றது. மென்மணத்தைத் தேடுபவனுக்கு அது குறைவாக மணப்பது மட்டும் போதாது. நேரத்தோடு நீங்கவும் வேண்டும்.

மன்னன் இறப்பதற்கு ஆறாண்டுகளின் முன், 1709 இல், ஜேர்மனியின் கொலோன் நகரில் ஓர் இத்தாலியக் குடும்பத்தார் வாணிபம் தொடங்கினர். அவர்களுள் ஒருவராகிய யொஹான் மரியா பரீனா 1685 இற் பிறந்தவர். பேகமொற்று, எலுமிச்சை, தோடை முதலியவற்றின் தைலங்களைத் தூய மதுசாரத்திற் கலந்து அவர் ஆக்கிய வாசனை நீர், அந்நகரின் பெயரையே பெற்றது. கஸ்தூரியிற் பழகிய மூக்குகளுக்கு அது மழைக்குப் பின் திறந்த சன்னல் போன்றிருந்திருக்கும். ஏழாண்டுப் போரில், 1756 இற்கும் 1763 இற்கும் இடையில், அங்கு வந்த பிரெஞ்சுப் படையினர் அதனைத் தம் நாட்டிற்கு எடுத்துச் சென்றனர். நம் வீடுகளிற் காய்ச்சல்காரர் நெற்றியில் நனைத்த கைக்குட்டையோடு இடம்பெற்ற ஓடிக்கொலோன் இதன் வழிவந்ததே. அலுமாரியில் அச்சிறு போத்தலைப் பத்திரப்படுத்திய பாட்டிமார் கொலோன் நகரை அறிந்திலர். மணம் தலையை வருத்தாது என்பதை அறிந்திருந்தனர்.

கடுமணம் அத்தோடு அழிந்துவிடவில்லை. 1888 இல் அல்பேட் பவுர் என்னும் இரசாயனவியலாளர் செயற்கைக் கஸ்தூரி ஒன்றைக் கண்டார். மன்னர் மட்டும் வாங்கிய மணம், காலப்போக்கிற் சவர்க்காரத்திலும் முகமாவிலும் மலிந்தது. லூயி மன்னனின் மூக்கிற்காக ஓர் அரசவை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. மூடிய வகுப்பறையில் அயலவன் பூசிவந்த வாசனையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. அவனை நாம் நோஞ்சான் என்றோ சாக்குச் சொல்பவன் என்றோ எண்ணிவிடுகின்றோம். கனடா தேசத்து ஹலிபக்ஸ் நகரில் 1990களிலே பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வாசனை பூசி வருதலைத் தவிர்க்குமாறு கேட்கத் தொடங்கின. அது மிகை என்று அன்று நகைத்தவர் பலர். எனக்கு அது நியாயமாகவே படுகின்றது.

தமக்கென ஒரு மென்மணத்தைத் தேர்வோர் நோக்கவேண்டியவை சில உள. செறிவே முதலாவது: கொலோன் வகையில் மணப்பொருள் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 வரை, செறிந்த வாசனையில் 20 இற்கும் மேல். கடையில் திறந்தவுடன் எழும் மணத்தைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. காகிதத் துண்டிலோ கைக்குட்டையிலோ ஒரு துளி இட்டு, சில மணி நேரம் கழித்து எஞ்சுவது எதுவெனப் பார்த்தல் வேண்டும். வாசனையற்றது என்று எழுதப்பட்ட பொருளிலும், மூலப்பொருளின் வாடையை மறைக்கும் வேறொரு மணம் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் ஒவ்வாமை தரவல்ல 26 மணப்பொருள்களை உறையிற் பெயர் குறித்தல் வேண்டுமென விதித்து, 2023 இல் அப்பட்டியலை 80 இற்கு மேலாக விரித்தது. தோடை, எலுமிச்சைத் தைலங்களிலுள்ள லிமொனீனும் அதில் அடங்கும். அது காற்றுப்பட்டுப் பழகியபின் தோலைச் சிலருக்கு உறுத்தும். பழைய முறையில் தோலைப் பிழிந்தெடுத்த பேகமொற்றுத் தைலம் தோலிற் பட்ட இடத்தில் வெயில் பட்டால் அவ்விடம் சிவந்து கருமை படர்வதும் உண்டு. நம்முடைய வெயிலில் அதனைக் கழுத்திற் பூசுவதிலும் கைக்குட்டையில் இடுவதே நன்று.