பேராக் தமிழரும் ஜப்பானியர் காலமும்

மலாயாவின் பேராக் மாநிலம் 1941 டிசம்பர் கடைசியிலிருந்து 1945 செப்டம்பர் வரை ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்தது. ஈப்போவிலும் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர் அதை ‘ஜப்பான்காரன் காலம்’ என்பர்.

தென் தாய்லாந்துக் கரையில் இறங்கிய படைகள் மூன்றே வாரத்தில் ஈப்போவைப் பிடித்தன. கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியத் துருப்புகள் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை எதிர்த்து நின்றன. ஜனவரி 7 விடியுமுன் சிலிம் ரிவரில் டாங்கிகள் புகுந்ததோடு எதிர்ப்பு குலைந்தது.

துரைமார் ஓடிய தோட்டங்களில் பால்மரம் சீவினாலும் வாங்க ஆளில்லை. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. ஜப்பானியர் வாழைமரப் படத்தோடு அச்சிட்ட பத்து டாலர் நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. கடிகாரத்தைக்கூட டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். 1942ஆம் ஆண்டு அவர்கள் கணக்கில் 2602.

இந்தப் பட்டினிதான் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஆள் சேர்க்க வசதியாயிற்று. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் வராதபோது தோட்டங்களில் புகுந்து பிடித்துப் போனார்கள். சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுப் போனவர்களைக் காட்டில் காலராவும் மலேரியாவும் வாரிக்கொண்டன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். பாதை வேலையில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோருக்கு மண்மேடுகூட மிஞ்சவில்லை.

அதே 1943இல் இந்தியத் தமிழரை வேறொரு குரல் அழைத்தது. ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் இந்திய விடுதலைக்கு ஆளும் பணமும் கேட்டு மலாயா எங்கும் கூட்டம் போட்டார். பெண்கள் தாலிக்கொடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். ஈப்போவிலிருந்து ராசம்மா நவரத்தினமும் சகோதரி பொன்னம்மாவும் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார்கள். ராசம்மா பூபாலன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர், 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் அமைத்துச் சம ஊதியத்துக்குப் போராடினார். தோட்டத்து ஆட்களை ஒருபுறம் சயாமுக்கு அள்ளிக்கொண்டே, மறுபுறம் விடுதலை மேடைக்கு ஜப்பான் இடம் கொடுத்தது என்பதை நம் மேடைகள் சேர்த்துச் சொல்வது குறைவு.

ஜப்பானியரை எதிர்த்து நின்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சிபில் கார்த்திகேசு. ஈப்போவில் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு மருத்துவமனை நடத்திய தாதி. போர் வந்ததும் பாப்பான் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, 74ஆம் எண் கடைவீட்டில் கொரில்லாக்களுக்கு இரவில் குண்டெடுத்துக் கட்டுப் போட்டார். ஒளித்து வைத்த வானொலியில் பி.பி.சி. கேட்டார். 1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய் அவரைப் பிடித்தது. சித்திரவதையில் முதுகெலும்பு சேதமானது. ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

போருக்குப் பின் தோட்டத்து மக்கள் சயாம் துயரத்தைப் பெரும்பாலும் லயத்துத் திண்ணையில்தான் பேசினார்கள். அச்சில் அது அழுத்தமாகப் பதிவானது ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களில். இதற்கிடையே 1982இல் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்ததும் மலேசியருக்கு ஜப்பான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் நாடாயிற்று. தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்ட பேராக்கில், சயாம் போனவர்களின் பெயர்களை அறிந்த குடும்பங்கள் அவற்றை எழுதிவைக்க வேண்டும்.